என்னை மீட்ட காளைகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவன். பத்திரிகைகள்மீதான அவதூறு வழக்குகளுக்கு எல்லை வகுத்த 1964ஆம் ஆண்டின் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தபோது, 1798ஆம் ஆண்டின் அரசுநிந்தனைச் சட்டம் பற்றிய பகுதியைப் பின்தொடர்ந்து மேத்யூ லயன் என்ற எல்லைப்புற அரசியல்வாதியை வந்தடைந்தேன். நீங்கள் ஓர் உரையில் அவரைப் பற்றிப் பேசியதாக நண்பர் ஒருவர் சொன்னார். அவரைக் கருத்துரிமையின் தியாகி என்கிறார்கள். ஆனால், அவையில் சக உறுப்பினரின் முகத்தில் எச்சில் துப்பிய ஒருவரை அப்படிக் கொண்டாடலாமா? இன்று மக்கள் மன்றங்களில் நாம் காணும் தரக்குறைவின் தொடக்கமே அதுதான் அல்லவா? மேலும், எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை என அந்தச் சட்டம் சொன்னது; அந்த வகையில் அது அக்கால ஆங்கிலேயச் சட்டத்தைவிட நியாயமானதுதானே? கடைசியாக ஒன்று: வெர்மான்டில் வெற்றியின் உச்சத்தில் இருந்தவர் அனைத்தையும் விட்டுவிட்டுக் கென்டக்கிக்கு ஏன் போனார்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உடனே பதில் எழுதுவதற்குக் காரணம் உங்கள் கேள்விகள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தைச் சென்ற மாதம் இடித்தார்கள். எழுத்துப் பெட்டிகளில் எஞ்சியிருந்த ஈய எழுத்துகள் சாக்குகளில் கட்டப்பட்டு எடைக்குப் போவதைத் தெருவோரம் நின்று பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் விலைக்குப் போவதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்குள் மேத்யூ லயனும் பல நாட்களாக வந்து போய்க்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

தியாகியா இல்லையா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தால் லயன் மகிழ்ச்சியோடு வாங்கி அடுத்த தேர்தலில் செலவழித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் 'தரக்குறைவின் தொடக்கம்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. சட்டம் படிப்பவர் நீங்கள். ஒரு கைகலப்பு வழக்கில் கடைசியாக ஓங்கிய கையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதியை உங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் என்ன சொல்வார்கள்? எச்சிலைப் பார்த்த நீங்கள் அதற்கு முன்னால் விழுந்த சொல்லைப் பார்க்கவில்லை. சொல்லைப் பார்த்திருந்தாலும், அது எத்தனை ஆண்டுகளாக ஒரு மனிதனைத் துரத்தி வந்த சொல் என்று கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். 1798ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், ஃபிலடெல்ஃபியாவில், பிரதிநிதிகள் சபையில், டென்னசியின் முன்னாள் செனட்டர் வில்லியம் பிளவுண்ட்மீதான பதவிநீக்க விசாரணையை நடத்துவதற்கான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவை பாதி நடப்பதும் பாதி நடக்காததுமான அந்த நேரத்தில், அவைத்தலைவர் ஜோனதன் டேட்டனும் தம் இருக்கையை விட்டு இறங்கி வந்து பேசிக்கொண்டிருந்தார். வெர்மான்டின் உறுப்பினரான லயன், கனெக்டிகட் மாநிலத்தின் பிரதிநிதிகள் தங்கள் மக்களின் கருத்துக்கு எதிராகவே நடக்கிறார்கள் என்றும், தாம் அங்கே போய் ஆறு மாதம் ஒரு பத்திரிகை நடத்தினால் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியும் என்றும், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கனெக்டிகட்டின் ரோஜர் கிரிஸ்வோல்ட், அங்கே வரும்போது மரவாளை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவீரா என்ற பொருளில் கேட்டார். முதல் முறை லயன் அதைக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தார். கிரிஸ்வோல்ட் எழுந்து அருகில் வந்து, அவர் கையைத் தொட்டுத் திருப்பி, அதையே மீண்டும் சொன்னார். லயன் முகத்தில் துப்பினார்.

அந்த மரவாள் 1776இல் செதுக்கப்பட்டது. அமெரிக்கப் படை கனடாவிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த கோடைக்காலத்தில், வெர்மான்டின் வடக்கே ஜெரிக்கோ என்ற இடத்தில் ஒரு சிறு காவல் அணியில் லயன் இளநிலை அதிகாரியாக இருந்தார். எதிரி எப்போது வருவான் என்று தெரியாத அந்த அத்துவானக் காட்டில் நிற்க மறுத்து வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். அதிகாரிகளும் உடன் வந்தார்கள். ஜெனரல் கேட்ஸின் ராணுவ நீதிமன்றம் அந்த அதிகாரிகளைப் பதவியிலிருந்து விலக்கியது. தாம் வீரர்களைத் தடுத்துப் பார்த்ததாகவும், முடியாமல் போனதாகவும் லயன் வாழ்நாள் முழுதும் சொன்னார். அடுத்த ஆண்டே அவர் செத் வார்னரின் படைப்பிரிவில் சம்பளக் கணக்கராகச் சேர்க்கப்பட்டார் என்பதும், பென்னிங்டன் போரில் இருந்தார் என்பதும் பதிவில் உள்ளவை. ஆனால் கோழை என்பதற்கு அடையாளமாக மரவாளை அணிவித்து அவரைத் துரத்தினார்கள் என்ற கதை ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதுவும் சபையின் நடுவில், கையைத் தொட்டுத் திருப்பிச் சொல்லப்பட்டது அந்தக் கதைதான்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அவை கூடியிருப்பதாகத் தாம் நினைக்கவில்லை என்றும், அவையை அவமதிக்கும் நோக்கம் தமக்கு இல்லை என்றும் லயன் அவைத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். அவரை நீக்கும் தீர்மானத்துக்கு 52 பேர் ஆதரவும் 44 பேர் எதிர்ப்பும். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் தீர்மானம் தோற்றது. பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், தம் மேசையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த லயனைக் கிரிஸ்வோல்ட் ஹிக்கரி மரத்தடியால் தலையிலும் தோளிலும் அடித்தார். லயன் எழுந்து கணப்படுப்புக்கு ஓடி, நெருப்பு இடுக்கியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இருவரும் தரையில் புரண்டபோது உறுப்பினர்கள் கிரிஸ்வோல்டின் கால்களைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். இருவரையும் நீக்க வேண்டும் என்று வந்த தீர்மானமும் தோற்றது. தடியை எடுத்துக்கொண்டு வந்தவர் பிற்காலத்தில் கனெக்டிகட்டின் ஆளுநரானார். துப்பியவரோ 'துப்பும் சிங்கம்' என்ற பெயரோடு கேலிச்சித்திரங்களில் தங்கிவிட்டார். தரம் என்ற சொல்லை எழுதும்போது இந்த வேறுபாட்டையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முந்தைய ஆண்டின் ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1797இல், குடியரசுத் தலைவரின் உரைக்கு அவை அளிக்கும் பதிலை ஊர்வலமாகப் போய்க் கொடுக்கும் வழக்கத்திலிருந்து தமக்கு விலக்கு வேண்டும் என்று லயன் கேட்டார். அரசரைப் பார்க்கப் போவதுபோல் இருக்கிறது என்பது அவர் எண்ணம். கனெக்டிகட்டின் இன்னொரு உறுப்பினர், நல்ல அமெரிக்க ரத்தம் இந்த அவையில் போதுமான அளவு இருக்கிறது என்று குத்தலாகப் பேசினார். லயன் அயர்லாந்தில் பிறந்தவர். அதற்கு அவர் அளித்த பதில் அவைக் குறிப்பில் இருக்கிறது. உயர்குலம் என்று சொல்லிக்கொள்ளத் தம்மிடம் எதுவும் இல்லை என்றும், ஆனால் நல்ல திடமான, நோயற்ற ஒரு பெண்ணின் வயிற்றில் தாம் பிறந்ததாகவும், கிராம்வெல்லின் முறைதவறிய பிள்ளைகளின் வழியில் வந்ததாகவோ, குவேக்கர்களைத் துன்புறுத்தி சூனியக்காரிகளை எரித்தவர்களின் வழியில் வந்ததாகவோ தம்மால் சொல்லிக்கொள்ள முடியாது என்றும் அவர் சொன்னார். நியூ இங்கிலாந்தின் பழைய குடும்பங்களின் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அது. அங்கே எச்சில் தேவைப்படவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

டப்ளினில் அச்சும் புத்தகக் கட்டமைப்பும் பழகிக்கொண்டிருந்த அந்தச் சிறுவன், 1765ஆம் ஆண்டுவாக்கில் கப்பலேறினான். கையில் பயணக் கூலி இல்லை. அக்காலத்தில் அப்படி வருபவர்களை, கரை சேர்ந்ததும் யாராவது கூலியைக் கட்டி எடுத்துக்கொள்வார்கள்; கட்டியவருக்கு இத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம். இவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயருக்கு நம் மொழியில் 'மீட்கப்படுபவர்' என்றுதான் பொருள் வரும். அடகுக் கடையிலிருந்து நகையை மீட்கிறோமே, அந்த மீட்பு. லயனைக் கனெக்டிகட்டின் உட்பரி ஊரில் ஜேபஸ் பேக்கன் என்ற வணிகர் எடுத்தார். பிறகு லிட்ச்ஃபீல்டைச் சேர்ந்த ஹியூ ஹன்னா என்பவரிடம் அவனைக் கைமாற்றினார். கைமாறிய விலை ஒரு ஜோடி காளைகள். அவற்றின் மதிப்பு 12 பவுண்டு.

இதில் ஒரு வியப்பும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அப்படி வந்தார்கள். வியப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒப்பந்தம் முடிந்து, நிலம் வாங்கி, வெர்மான்டின் மலைநாட்டுக்குக் குடிபெயர்ந்து, ஈதன் ஆலனின் பசுமலைப் படையோடு டிகொண்டெரோகா கோட்டையைப் பிடிக்கும்போது உடனிருந்து, 1783இல் ஃபேர் ஹேவன் என்ற ஊரை நிறுவி, அங்கே இரும்பு உலையும் மர அறுவை ஆலையும் காகித ஆலையும் வைத்து, கந்தைத்துணி கிடைக்காதபோது பாஸ்வுட் மரப்பட்டையிலிருந்து காகிதம் செய்து, ஆளுநர் தாமஸ் சிட்டன்டனின் மகளை மணந்து, மாநிலச் சட்டமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த அந்த மனிதருக்கு ஒரு சத்திய வாக்கு இருந்தது. ஆத்திரத்திலும் உறுதியிலும் அவர் வாயில் வருவது அதுதான்: 'என்னை மீட்ட காளைகள்மீது ஆணை.'

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ நாள் சுமந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1969இல் என் தந்தை, என் தங்கையின் வைத்தியத்துக்காக, எங்கள் ஊர் அச்சக முதலாளியிடம் முந்நூறு ரூபாய் வாங்கினார். ஈடாகக் கொடுக்க வீட்டில் எதுவும் இல்லை, நான் இருந்தேன். பள்ளிக்கூடம் நின்றது. அச்சாகி முடிந்த பக்கங்களின் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போடுவது என் முதல் வேலை. தலைகீழாக இருக்கும் எழுத்தைத் தடவிப் பார்த்தே ணகரமா னகரமா என்று சொல்ல ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். தவறான அறையில் ஓர் எழுத்து விழுந்தால், அச்சுக்கோப்பவரின் கைவிரல் என் உச்சந்தலையில் விழும். கடன் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்தது என்று முதலாளியே சொன்னார். அவர் கொடுமைக்காரர் அல்லர். பழைய நாவல்களைப் படிக்கக் கொடுத்தவரும் அவர்தான். நான் எழுத்தாளனானதில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை மறுத்தால் நான் நன்றிகெட்டவன்.

ஆனால் பல ஆண்டுகள் கழித்து, என் இரண்டாவது புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு அவரை நானே போய் அழைத்து வந்தேன். மேடையில் பேசும்போது, முகமெல்லாம் பெருமிதத்தோடு, 'இவனை நான் முந்நூறு ரூபாய்க்கு எடுத்தேன், இன்றைக்குப் பாருங்கள்' என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து அவருக்குச் சால்வை போர்த்தினேன். அன்று இரவு மனைவியிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. இதோ, இப்போதுதான் எழுதுகிறேன்.

லயனின் பெருமையும் பலமும் இங்கேதான் இருக்கின்றன என்பது என் துணிபு. முதலாளி சொல்லிக் காட்டும் விலையை அவர் முந்திக்கொண்டு தாமே சொன்னார். தமக்கு எதிராக யாரும் வெளியே எடுக்க முடியாதபடி, அந்த இரண்டு காளைகளையும் தம் வாசலிலேயே கட்டிவைத்துக்கொண்டார். ஆகவே அவர் பிறப்பையும் கூலியையும் சொல்லிக் குத்தியவர்களுக்கு அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடிந்தது. மரவாள் மட்டும் அப்படி இல்லை. அதை அவர் தம்முடையது என்று ஒருநாளும் ஏற்றதில்லை. எனவே ஏந்திச் சுழற்றவும் முடியவில்லை. துப்பியது அந்த இயலாமை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிய உங்கள் வாதத்துக்கு அதிக இடம் தர மாட்டேன். உண்மையை நிரூபித்தால் விடுதலை என்று 1798 ஜூலை 14ஆம் நாளின் அரசுநிந்தனைச் சட்டம் சொன்னது சரிதான். 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் லயன் எழுதியது என்ன? குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் ஆட்சியில் பொதுநலம் பின்னால் தள்ளப்பட்டு, அதிகாரத்தைப் பற்றிய ஓயாத பிடியும், அபத்தமான ஆடம்பரத்துக்கும் முட்டாள்தனமான புகழுரைக்கும் சுயநலப் பேராசைக்குமான எல்லையற்ற தாகமும் முன்னால் வந்தால், தாம் பணிந்த ஆதரவாளராக இருக்கப் போவதில்லை என்று. சட்டம் பிறப்பதற்கு முன்பே, ஜூன் 20 தேதியிட்டு எழுதிய கடிதம் அது. பத்திரிகையில் வந்தது மட்டுமே பிறகு. தாகத்துக்கு எப்படிச் சாட்சி கொண்டுவருவது? அக்டோபரில் ரட்லண்டில் வழக்கு நடந்தபோது லயன் தமக்குத் தாமே வாதாடினார். நீதிபதி வில்லியம் பேட்டர்சனையே சாட்சியாக்கி, 'நீங்கள் குடியரசுத் தலைவரோடு விருந்துண்டதில்லையா? அங்கே ஆடம்பரத்தைப் பார்க்கவில்லையா?' என்று கேட்டார். அங்கே எளிமையையே கண்டதாக நீதிபதி சொன்னார். ரட்லண்டின் சத்திரத்தில் இருப்பதைவிட அங்கே வேலைக்காரர்களும் பகட்டும் அதிகம் இல்லையா என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை. அபிப்பிராயத்தை உண்மை பொய் என்று எடைபோடச் சொல்லும் சட்டம் நியாயமானதா என்பதற்கு இந்த உரையாடலைவிட நல்ல விளக்கம் உங்கள் பாடநூல்களில் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

நான்கு மாதச் சிறை. 1,000 டாலர் அபராதம். வழக்குச் செலவு 60 டாலர் 96 சென்ட். ரட்லண்டிலேயே சிறை இருந்தும், மார்ஷல் என்ற நீதிமன்ற அதிகாரி அவரை வடக்கே வெகுதொலைவில் இருந்த வெர்ஜென்ஸுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து எழுதிய கடிதத்தில், 16 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட அறையை லயன் வர்ணிக்கிறார். மூலையில் கழிப்பிடம், ஆகஸ்ட் மாதத்து ஃபிலடெல்ஃபியா கப்பல்துறையின் நாற்றத்துக்குச் சமமான நாற்றம். பசுமலைக்காரர்கள் சிறையை இடித்து அவரை வெளியே எடுக்கத் தயாராக இருந்தார்கள். லயன் வேண்டாம் என்று தடுத்து, தேர்தலைக் காட்டினார். டிசம்பரில் அந்த அறைக்குள் இருந்தபடியே பெரும் வித்தியாசத்தில் மீண்டும் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு ஆடம்ஸிடம் கருணை மனு கொண்டுபோனவர் ஜான் ஆக்டன் என்ற பாதிரியார். மனுவில் லயனின் கையெழுத்து இல்லை என்று ஆடம்ஸ் மறுத்தார். திரும்பும் வழியில் ஆக்டன் பழைய கடனுக்காகச் சிறைப்பட்டார். எந்த ஊரில் தெரியுமா? லிட்ச்ஃபீல்டில்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் லயன் உங்களுக்கும் எனக்கும் வசதியான மனிதராகிவிடுவார். அதே சிறைக் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. இந்த அறை குதிரைத் திருடர்களையும், கள்ள நாணயம் செய்பவர்களையும், ஓடிப்போன கறுப்பர்களையும், எல்லாவகைக் குற்றவாளிகளையும் அடைக்கும் இடம் என்று, தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பின் அளவைக் காட்ட எழுதுகிறார். ஓடிப்போன கறுப்பர்கள்! அவர்கள் செய்த குற்றம் என்ன? தங்களை விலைக்கு வாங்கியவனிடமிருந்து நடந்து வெளியேறியது. இரண்டு காளைகளுக்குக் கைமாறிய ஒருவர், அந்தக் காளைகள்மீது ஆணையிடுவதையே வழக்கமாகக் கொண்ட ஒருவர், அந்தச் சொல்லைக் குதிரைத் திருடனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேனா தயங்காமல் அடுத்த சொல்லுக்குப் போகிறார். அந்த வரியை முதன்முதலாகப் படித்த இரவில் நான் அவரிடம் உரத்த குரலில் சண்டை போட்டேன்; மனைவி எழுந்து வந்து யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். காலம் அப்படி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். வெர்மான்ட் 1777இலேயே தன் அரசியல் சாசனத்தில் வயது வந்தவர்களை அடிமையாக வைத்திருப்பதைத் தடைசெய்த இடம். அவர் அந்த மண்ணில் நின்று எழுதுகிறார். தம்முடைய மீட்புக்கு ஆண்டுக்கணக்கு இருந்தது, அவர்களுடையதற்கு இல்லை என்ற வேறுபாட்டை அவர் அறியாதவரல்லர். பிறகு அவர் சென்று குடியேறி, எட்டு ஆண்டுகள் பிரதிநிதியாக இருந்ததும் அடிமைகளை வாங்கி விற்கும் கென்டக்கி மாநிலத்தில்தான்.

என் முந்நூறு ரூபாயை நினைக்கும்போதும் இதே இடத்தில்தான் இடறுகிறேன். எனக்குப் பிறகு எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிற்க வந்த சிறுவனின் உச்சந்தலையில் என் கைவிரலும் விழுந்திருக்கிறது. அவன் எத்தனை ரூபாய்க்கு வந்தான் என்று நான் கேட்டதே இல்லை.

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1799 பிப்ரவரியில் லயன் வெளியே வந்தார். வர்ஜீனியாவின் செனட்டர் மேசன் உள்ளிட்ட நண்பர்கள் அபராதத்துக்குப் பணம் திரட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்டியதும், 'நான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று அறிவித்தார். அவைக்குச் செல்லும் உறுப்பினரை வழியில் கைதுசெய்ய முடியாது. தண்டனை பெற்றவர் என்று காட்டி அவரை நீக்க முயன்ற தீர்மானமும் மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. அவருடைய அபராதத்துக்காக நடத்திய குலுக்கலின் விளம்பரத்தை வெளியிட்டதற்காகவும் சேர்த்து, ஆன்டனி ஹாஸ்வெல் என்ற பத்திரிகையாளர் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். அவரைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. லயனைத் தம் பத்திரிகையில் மிருகக்காட்சிச்சாலைச் சிங்கமாக்கி எள்ளி நகையாடிய வில்லியம் காபெட், இங்கிலாந்துக்குத் திரும்பி, 1810இல் அரசை நிந்தித்து எழுதியதற்காக இரண்டு ஆண்டுச் சிறையும் 1,000 பவுண்டு அபராதமும் பெற்றார். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1801 பிப்ரவரி 17ஆம் நாள், ஜெஃபர்சனும் பர்ரும் தலா 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றதால் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில் முடிவுசெய்யப் பிரதிநிதிகள் சபைக்கு வந்த குடியரசுத் தலைவர் தேர்தலில், 36ஆம் சுற்றில், வெர்மான்டின் இன்னொரு உறுப்பினர் லூயிஸ் மோரிஸ் விலகிக்கொள்ள, லயனின் ஒற்றை வாக்கு ஒரு மாநிலத்தின் வாக்காகி ஜெஃபர்சனுக்குப் போனது. இதை வைத்துத் தாம்தான் ஜெஃபர்சனைக் குடியரசுத் தலைவராக்கியதாக லயன் பிற்காலத்தில் பெருமை பேசுவார். அன்று மேரிலாந்தின் வாக்கும் சேர்ந்தே மாறியது. பெருமைக்கு அதெல்லாம் கணக்கில்லை.

கென்டக்கிக்கு ஏன் போனார் என்று கேட்டிருந்தீர்கள். என் ஊகம் எளிமையானது: வழக்கும் சிறையும் அவர் தொழிலைத் தின்றுவிட்டன, வெர்மான்டில் ஆடம்ஸின் கட்சியினரான ஃபெடரலிஸ்டுகளின் கை ஓங்கியே இருந்தது, கம்பர்லண்ட் ஆற்றங்கரையில் நிலம் மலிவு. ஐம்பது வயதைத் தாண்டியவர் எடிவில்லில் குடியேறி, மறுபடியும் ஆலை, மறுபடியும் சட்டமன்றம், 1803 முதல் 1811 வரை மறுபடியும் காங்கிரஸ் என்று முதலிலிருந்து தொடங்கினார். 1812 போருக்காக அரசுக்குப் போர்ப்படகுகள் கட்டி அதில் திவாலானார். 1820இல் குடியரசுத் தலைவர் மன்றோ, ஆர்கன்சாவின் ஸ்பாட்ரா பிளஃப் என்ற இடத்தில் செரோக்கீ மக்களோடு வணிகம் செய்யும் அரசு முகவராக அவரை அனுப்பினார். போன சிறிது காலத்திலேயே அங்கும் தேர்தலில் நின்றார். ஆர்கன்சா நிலப்பகுதியின் பிரதிநிதியாக ஆகச் சில பத்து வாக்குகளே குறைந்தன.

1822இல், எழுபதைத் தாண்டிய வயதில், தோல்களையும் சரக்கையும் தட்டைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆர்கன்சா ஆற்றின் வழியே மிசிசிப்பிக்கு வந்து, நியூ ஆர்லியன்ஸ் வரை போய் விற்றுவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டு மே மாதத்தில் அரசு வணிக நிலையங்களை ஒழிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றிவிட்டது. அவர் வகித்த பதவியே கலைந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 1ஆம் நாள் ஸ்பாட்ரா பிளஃபில் இறந்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எலும்புகளை எடிவில்லுக்குக் கொண்டுவந்தார்கள்.

உங்களை லயனிடம் அழைத்துவந்த அந்தத் தீர்ப்பு குறிப்பிடும் 1840 ஜூலை 4ஆம் நாளின் சட்டம் அவருடையதுதான். அபராதத்தையும் வழக்குச் செலவையும் சேர்த்து, 1,060 டாலர் 96 சென்டை, வட்டியோடு, அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அச்சகம் இடிக்கப்பட்ட அன்று, சாக்குகளைத் தராசில் ஏற்றியவர் கிலோவுக்கு எவ்வளவு என்று சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்.